தழும்புள்ள நியாயாதிபதி: கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சிலுவையைப் பற்றிப் பேசினால் கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். தேவன் அன்பானவர் என்றால் நியாயத்தீர்ப்பு எதற்கு என்பார் ஒருவர். நியாயமுள்ள தேவன் அந்த அக்கிரமக்காரனை எப்படி மன்னிக்கலாம் என்பார் இன்னொருவர். இந்த முறை பலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பெயர்களை விட்டுவிட்டேன். பல வருடம் வேதபாடம் நடத்தியவன் என்ற முறையில், எனக்குத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

நியாயத்தீர்ப்பு என்றாலே பயம் ஐயா. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் எரிகிற கடல், திறந்த புத்தகம் என்று படம் காட்டினார்கள். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. (கல்லூரி மாணவி)

மகளே, உனக்குப் பாதிப் படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். 96ஆம் சங்கீதத்தின் கடைசி வசனங்களை எடுத்துப் பார். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் வயல்வெளி களிகூருகிறது, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. எதுவும் ஓடி ஒளியவில்லை. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டவனுக்குத்தான் அந்த நாள் கலக்கம். கூலி கிடைக்காதவன் அதற்காகக் காத்திருக்கிறான்.

நியாயாதிபதிகளின் புத்தகத்தில் வருகிற தெபொராள் பேரீச்சமரத்தின் கீழ் உட்கார்ந்து வழக்குக் கேட்டவள். ஜனங்களை ஒடுக்குதலிலிருந்து மீட்க எழுந்தவளும் அவளே. தீர்ப்பதும் மீட்பதும் அங்கே ஒரே வேலை. நம் தமிழிலும் அந்தச் சொல்லைக் கவனி. வழக்கைத் தீர்க்கிறோம், கடனைத் தீர்க்கிறோம், நோயைத் தீர்க்கிறோம். தீர்ப்பு என்பது அந்தத் ‘தீர்’ என்ற வேரில் முளைத்ததுதான்.

நான் நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவன். ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தண்டித்தால் எந்த கோர்ட்டும் ஏற்காது. பிதா தம் குமாரனைத் தண்டித்தார் என்பது மட்டும் எப்படி நீதியாகும்?

கோபமான ஒரு தகப்பன், நடுங்குகிற நாம், இடையில் அகப்பட்டுக்கொண்ட அப்பாவி மகன் என்று மூன்று ஆட்களை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதிலே கிடையாது. அது அநீதிதான். வேதம் அப்படிச் சொல்லவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துகொண்டே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:19). என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்கிறார் இயேசு (யோவான் 10:18). அங்கே மூன்றாம் ஆள் இல்லை. நியாயாசனத்தில் இருக்க வேண்டியவரே இறங்கி வந்து கூண்டில் நிற்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா எட்டாயிரம் ரூபாய் கடன் கொடுத்திருந்தாள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து குறுக்கே ஓடுகிற புரோநோட்டு. அந்த அக்காவின் வீட்டுக்காரர் இறந்து சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அம்மா அதை எடுத்துக்கொண்டு போய், அவள் கண்ணெதிரே நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அந்த வீட்டில் கடன் தீர்ந்தது. எங்கள் வீட்டில், அடகுக் கடையில் இருந்த அம்மாவின் வளையல் அந்த வருடம் மூழ்கிப்போனது. எட்டாயிரம் ரூபாய் மாயமாய் மறைந்துவிடவில்லை. வாங்கினவள் தலையிலிருந்து இறங்கி, கொடுத்தவள் தலையில் ஏறியது.

கொலோசெயர் 2:14இல் நமக்கு எதிராக இருந்த ‘கையெழுத்து’ சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்று வாசிக்கிறோமே, கிரேக்க மூலத்தில் அது கடன் பத்திரத்தைக் குறிக்கிற சொல். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்பு ஞாபகம் வரும்.

கோர்ட் மொழியில் மட்டுமே சபை இதைப் பேசியதும் கிடையாது. ஆதி நூற்றாண்டுகளில் மரணத்தின் மேலும் பிசாசின் மேலும் கிறிஸ்து பெற்ற வெற்றி என்றே அதிகம் பேசினார்கள். 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற பேராயர், பிரபுக்களின் காலத்து மனிதர் என்பதால், தேவனுக்குச் சேர வேண்டிய கனத்தைச் செலுத்தித் தீர்ப்பதாக விளக்கினார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் சட்டம் படித்தவர். அவரிடம் தண்டனை என்ற பேச்சு ஓங்கியது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் பிதாவையும் குமாரனையும் எதிரெதிரே நிறுத்துகிற பிரசங்கம் எங்கே கேட்டாலும் நான் மறுப்பேன்.

பழைய ஏற்பாட்டில் கோபக்கார தேவன், புதிய ஏற்பாட்டில் அன்பான தேவன். இரண்டும் ஒருவர்தானா?

இதை இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்ற போதகர் கேட்டு, இருவர் வேறு வேறு என்று முடிவும் கட்டினார். ரோம சபை 144இல் அவரை விலக்கியது. பழைய ஏற்பாட்டில் ஓசியா 11ஐயும், அடுத்தாற்போல் புதிய ஏற்பாட்டில் மத்தேயு 23ஐயும் ஒரே மூச்சில் வாசியுங்கள். எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று உருகுகிறவர் முதலாவதில் இருக்கிறார். மாயக்காரர்மேல் ‘ஐயோ’ என்று அடுக்குகிறவர் இரண்டாவதில் இருக்கிறார்.

எங்கள் பிள்ளைக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. என் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஜெபிக்க வந்தவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

இல்லை அம்மா. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார் (லூக்கா 13). அந்த மனிதர் மறுபடி வந்தால் இந்த இரண்டு இடத்தையும் திறந்து அவர் கையில் கொடுங்கள். டாக்டர் சொன்ன தேதியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இன்னொருவருக்காகச் செத்த கோல்பே சுவாமியாரைப் பற்றி வாசித்தேன். அவர்களைப் பட்டினி போட்ட அந்த அதிகாரியையும் தேவன் நேசிக்கிறாரா? அப்படியானால் அந்த அன்பு எனக்கு வேண்டாம்.

வாசிக்காதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1941 ஜூலை முடிவில் ஒரு கைதி காணாமல் போனார். பதிலுக்குப் பத்துப் பேரைப் பட்டினியால் கொல்ல கார்ல் ஃப்ரிட்ச் என்ற துணைத் தளபதி வரிசையிலிருந்து பொறுக்கினார். அதில் ஒருவர் கயோவ்னிசெக் என்ற போலந்து ராணுவ சார்ஜென்ட். மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அலறினார். 16670 என்ற எண் போட்ட கைதி வரிசையை விட்டு முன்னால் வந்து, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். அவர்தான் பிரான்சிஸ்கன் சபைக் குரு மக்சிமிலியன் கோல்பே. 11ஆம் பிளாக்கின் நிலவறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தவர்களை ஆகஸ்ட் 14 அன்று ஃபீனால் ஊசி போட்டுக் கொன்றார்கள். கயோவ்னிசெக் பிழைத்தார். 1982இல் ரோமில் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அங்கே இருந்தார். 1995 வரை வாழ்ந்தார்.

உங்கள் கோபத்தை நான் தவறு என்று சொல்லமாட்டேன். அந்த அதிகாரியையும் தேவன் நேசிக்கிறாரா என்றால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ‘பரவாயில்லை, போகட்டும்’ என்கிற நேசமாக அதை எண்ண வேண்டாம். அப்படிச் சொல்கிற தேவன் அந்தப் பத்துப் பேரை இரண்டாம் முறை கைவிட்டவராவார். அந்த நிலவறையில் செத்தவர்களின் கண்ணால் தன்னையே பார்க்க அந்த மனிதர் நிறுத்தப்படுவார். அதைவிடக் கடினமான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை. ஒளி வந்திருந்தும் மனுஷர் இருளை விரும்பியதே ஆக்கினைத்தீர்ப்புக்குக் காரணம் என்கிறது யோவான் 3:19. நேசிப்பதாலேயே அந்த ஒளியை அணைக்காமல் வைத்திருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் நினிவேயின் பேராயராக இருந்த ஈசாக், நரகத்தில் இருப்பவர்களை வாட்டுகிற சாட்டையே அன்புதான் என்று எழுதினார். வெகு காலம் எனக்கு அது புரியவில்லை. வயதாக ஆகத்தான், என்னை நேசித்தவர்களுக்கு நான் செய்தது என்னைச் சுட ஆரம்பித்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கோல்பே தொடங்கிய பத்திரிகைகளில் யூதருக்கு எதிரான கட்டுரைகள் வந்தன. போர் தொடங்கியபின் அதே மடம் யூத அகதிகளுக்கும் இடம் கொடுத்தது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. புனிதரும் அதே ஒளியில்தான் நிற்கிறார்.

என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். உன் சிலுவையைச் சுமந்துகொள், கிறிஸ்துவின் அன்பு தன்னையே கொடுக்கிற அன்பு என்று ஆலோசனை சொன்னார்கள். நான் இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும்?

பொறுக்க வேண்டாம், சகோதரி. இதைத் தெளிவாகவே சொல்கிறேன். கிறிஸ்து தம்மைக் கொடுத்தார், பிடுங்கப்படவில்லை. உங்களிடமிருந்து பிடுங்கப்படுவதற்கு அன்பு என்று பெயர் வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு நடுவே கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அவரை அறைந்தான் அல்லவா? அப்போது அவர் பேசாமல் இருக்கவில்லை. “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார் (யோவான் 18:23). அவர் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கலாம். போலீஸ் முன்னாலும் கேட்கலாம். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005இல் வந்த சட்டமும் இருக்கிறது. உங்களுக்குப் பத்திரமான வீட்டுக்கு முதலில் போங்கள். அவருக்காக அங்கிருந்தும் ஜெபிக்க முடியும்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். என் அம்மா கடைசி நாள் வரை விளக்கேற்றிக் கும்பிட்டவள். அவள் நரகத்திலா ஐயா?

அதைச் சொல்ல என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை, அம்மா. கத்தோலிக்க சபை எத்தனையோ பேரைப் பரலோகத்தில் இருப்பவர்களாக அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் பெயரைக்கூட அது அறிவித்ததில்லை. தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு தேவனைத் தேடுகிறவர்களும் இரட்சிப்படையக் கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதி வைத்தது. நம் சபைகளில் பலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று சோதோமுக்காகப் பேரம் பேசினாரே ஆபிரகாம், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறவரின் கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகும் அது மறையவில்லை. தோமா தொட்டுப் பார்க்கும்படி அவரே காட்டினார்.

அப்பாவின் நிலத்தை அண்ணன் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டான். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. வழக்கு நடக்கிறது. மன்னிக்காமல் திருவிருந்து எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று பயந்து ஒவ்வொரு முறையும் பாதியில் எழுந்து போய்விடுகிறேன்.

நீங்கள் பயப்படுகிற வசனம் 1 கொரிந்தியர் 11:29. அதற்கு மேலே 21ஆம் வசனத்தைப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்த சபை அது. பவுல் கண்டித்தது அதை. காயம் ஆறாதவரை அவர் பந்தியிலிருந்து எழுப்பவில்லை.

நிலத்தைக் கேட்பது பாவம் இல்லை. லூக்கா 18இல் அந்த விதவை விடாமல் கேட்டாள். இயேசு அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் விசுவாசிகளுக்குள் வழக்கு என்றால் முதலில் சபைக்குள் தீர்க்கப் பாருங்கள் என்றும் பவுல் சொல்லியிருக்கிறார். ஆகவே இரண்டு பேரும் மதிக்கிற பெரியவர் ஒருவரை வைத்து ஒரு தடவை அண்ணனோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் மறுத்தால் வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். அவர் நாசமாய்ப் போக வேண்டும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அதைத் தேவனிடம் ஒப்படையுங்கள். ஒரே நாளில் ஒழியாது.

அடுத்த திருவிருந்தில் எழுந்து போகாதீர்கள். முழங்கால் போட்டதும் அண்ணன் பெயரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிவிட்டு, கையை நீட்டுங்கள்.