எட்டாமிடமும் ஏழு தாவல்களும்

கேள்வி: ஒரே ஆட்டத்தில் ஏழு நான்குசுற்றுத் தாவல்களைச் செய்து காட்டிய அமெரிக்கர் இல்யா மாலினின், 2026 மிலான் ஒலிம்பிக்கின் ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (பனித்தளச் சறுக்கு ஆட்டம்) எட்டாமிடத்துக்குப் போய்விட்டார். அப்படியானால் தங்கம் வாங்கிய ஷைதரோவ், வெள்ளி வாங்கிய ககியாமா, வெண்கலம் வாங்கிய சாட்டோ மூவரும்தானே அவரைவிடச் சிறந்தவர்கள்? மாலினின் கதை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. அந்த இரவில் வென்றவர் யார் என்பது ஒரு கேள்வி. யாரிடம் என்ன சரக்கு இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

இந்தப் போட்டியில் ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டம், ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டம் என இரண்டு; இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் இடம். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்கர் நேதன் சென் ஷார்ட் புரோகிராமில் 17ஆம் இடம். மறுநாள் ஆறு நான்குசுற்றுத் தாவல்களுடன் ஃப்ரீ ஸ்கேட்டில் அனைவரையும்விட அதிகப் புள்ளி எடுத்தும் ஐந்தாமிடம்தான் கிடைத்தது. அன்று அவர் கதை முடிந்தது என்று சொல்லியிருந்தால், 2022இல் பெய்ஜிங்கில் 332.60 புள்ளிகளோடு அவர் தங்கம் வென்றபோது அந்தப் பேச்சை எங்கே வைப்பது?

மிலானில் மாலினினைக் கவிழ்த்தது விழுந்தது மட்டுமல்ல. நான்குசுற்று ஆக்சல் (முன்னோக்கிப் பாய்ந்து எழும் தாவல்) போட வேண்டிய இடத்தில் காற்றிலேயே உடம்பு விரிந்து, ஒற்றை ஆக்சலோடு இறங்கினார். கணக்கைப் பாருங்கள். நான்குசுற்று ஆக்சலின் அடிப்படை மதிப்பு 12.5. முழுச் சுற்றையும் முடித்துவிட்டு விழுந்தால்கூட, பாதி மதிப்பு போய், விழுந்ததற்கு ஒரு புள்ளியும் போய், 5.25 மிஞ்சும். ஒற்றை ஆக்சலுக்கு அடிப்படை மதிப்பே 1.1தான். இந்த விளையாட்டில் விழுவதைவிடத் தயங்குவதற்கு விலை அதிகம். எனக்கு அவரைப் பற்றிய கவலை இதில்தான். அவருடைய திறமையில் துளியும் இல்லை. 2022இல் லேக் பிளாசிடில் நான்குசுற்று ஆக்சலைப் போட்டியில் முதன்முதலில் தரையிறக்கியவர் அவர். எல்லோரும் பிழையின்றி ஆடினால் இன்று அவரை எட்டிப் பிடிக்க ஆளில்லை என்றே நான் நம்புகிறேன்.

யூமா ககியாமாவின் பலம் வேறு. சறுக்குக் காலணிக் கத்தியின் விளிம்பில் சாய்ந்து அவர் எடுக்கும் வேகம், சத்தமே இல்லாமல் தரையிறங்கும் முழங்கால் - இவை ஒரு தாவல் தவறினாலும் கூடவே இருக்கும். மிலானில் அவரும் சுத்தமாக ஆடவில்லை. ஆனாலும் 2022ஐப் போலவே வெள்ளி கிடைத்தது. அந்த விளிம்பு வேலைக்கு நடுவர்கள் கொடுத்த மதிப்பு அது. ஆனால் தங்கத்துக்கு அது மட்டும் போதாது என்பதையும் இரண்டு வெள்ளிகள் சொல்லிவிட்டன.

கஜகஸ்தானின் மிகைல் ஷைதரோவை அதிர்ஷ்டசாலி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்றுசுற்று ஆக்சலில் தொடங்கி நான்குசுற்று சால்கோவில் (பின்னோக்கிச் சறுக்கியபடி எழும் தாவல்) முடியும் தொடர் தாவலைப் போட்டிக்குக் கொண்டுவந்தவர் அவர். 2025 உலகப் போட்டியிலேயே வெள்ளி வென்றிருந்தார். மிலானில் ஷார்ட் புரோகிராமில் ஐந்தாமிடம். ஃப்ரீ ஸ்கேட்டில், மற்றவர்கள் தடுமாறிய அதே பனித்தளத்தில் அவர் தடுமாறவில்லை. ஷுன் சாட்டோ நல்ல தாவல்காரர். மற்ற மூவரின் வரிசையில் வைக்க இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

2030 ஒலிம்பிக்கின்போது மாலினினுக்கு வயது 25. அடுத்த பருவத்தில் அவர் எத்தனை நான்குசுற்றுத் தாவல்கள் போடுகிறார் என்று எண்ண வேண்டாம். முதல் தாவல் கெட்ட பிறகு இரண்டாவது தாவலுக்கு எந்த வேகத்தில் வருகிறார் என்று பாருங்கள்.