குவாண்டம் கணினியியல் படிக்க, முதலில் குவாண்டம் பொறிமுறையை முடித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாயம், சிக்கலெண், நிகழ்தகவு மூன்றும் கைவசம் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

நான் ஹட்டனில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்தவன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். விரிவுரையில் ‘மேட்ரிக்ஸ்’ என்று கேட்டதெல்லாம் நம்முடைய தாயம்தான் என்று விளங்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பொறிமுறைப் பாடம் ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் தொடங்கியது. பிறகு பெட்டிக்குள் துணிக்கை, ஐதரசன் அணு, பக்கம் பக்கமாகத் தொகையீடு. புள்ளி வந்தது, விளக்கம் வரவில்லை.

அது வந்தது ஒரு விடுமுறையில், லயத்து வீட்டில். அடைமழை, மின்சாரம் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 0 நிலையில் ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் பிட். ஹடமார்ட் படலை என்ற இரண்டுக்கு இரண்டு தாயத்தில் விட்டால் 0, 1 இரண்டுக்கும் வீச்சம் 1/√2. வீச்சத்தின் வர்க்கம்தான் நிகழ்தகவு. அளந்தால் பாதிக்குப் பாதி, நாணயம் சுண்டியது போல. அளக்காமல் இன்னொரு முறை அதே படலையில் விட்டேன். 1 நிலை 1 ஆகவே வரும் பாதையில் மட்டும் அந்தப் படலை மறைக்குறி போடும். 0 பக்கம் ½ + ½ = 1; 1 பக்கம் ½ − ½ = 0. கியூபிட் உறுதியாக 0க்கே திரும்பிவிட்டது! நாணயத்தை எத்தனை முறை சுண்டினாலும் இது நடக்காது. நிகழ்தகவு மறையாக வராது, வீச்சம் வரும். நடுவில் அளந்துவிட்டாலோ மறுபடியும் பாதிக்குப் பாதிதான்.

வெள்ளி அணுக் கற்றை காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரிந்த 1922ஆம் ஆண்டு ஸ்டேர்ன்–கேர்லாக் பரிசோதனைக்கும் இதே இரண்டுக்கு இரண்டு தாயங்கள் போதும் என்று அதன் பிறகுதான் கண்டேன். பாடத்தை அங்கிருந்து தொடங்கியிருக்கலாம் என்ற மனக்குறை இன்னும் இருக்கிறது.

‘குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும்’ என்று பத்திரிகைகளில் வருவதை நம்பாதீர்கள். அளந்தால் கிடைப்பது ஒரே விடை. தவறான விடைகளின் வீச்சங்களை ஒன்றையொன்று அழிக்க வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் பீட்டர் ஷோரின் 1994ஆம் ஆண்டு அல்கோரிதம் செய்வதும் அதைத்தான்.

ஒன்று, கருவியையே உருவாக்கும் எண்ணம் இருந்தால் ஷ்ரோடிங்கரிடமிருந்து தப்ப முடியாது. அல்கோரிதம்தான் ஆசை என்றால் ஐதரசன் அணு காத்திருக்கட்டும். இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். இரண்டு ஹடமார்ட்டுக்கும் நடுவில் 1இன் வீச்சத்துக்கு மட்டும் குறியை மாற்றிக் கணக்கை முடியுங்கள். விடை முழுதாக 1 என்று வர வேண்டும். ஒரு சார்பு 0க்கும் 1க்கும் ஒரே விடை தருகிறதா என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கும் டொய்ச் அல்கோரிதத்தின் கரு அதுதான்.