விளக்கைக் காணோம், எழுதிக் கொடு என்கிறார் முதலாளி

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 4 வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். ஸ்டாக் எடுத்ததில் மூன்று நாச்சியார்கோயில் குத்துவிளக்கு குறைகிறது. முதலாளி மாடிக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துடும்மா, போலீஸ் கேஸெல்லாம் வேண்டாம்" என்கிறார். நான் எடுக்கவில்லை. நாளைக்கு மறுபடி வரச் சொல்கிறார். போகலாமா?

பதில்: போங்கள். போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே அவர் முடிவு கட்டிவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். 'எடுத்தேன்' என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கூடாது.

பலருக்குத் தெரியாத சங்கதி இது: போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லி, அதைக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. முதலாளிக்கு எழுதிக் கொடுத்ததோ சாட்சியமாகப் போகலாம். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது செல்லாது என்பது உண்மைதான். ஆனால் மாடியில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது நடந்ததற்கு யார் சாட்சி? 'கேஸ் வேண்டாம்' என்ற வாய்வார்த்தையை அவர் நாளைக்கே மாற்றலாம். முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 306-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. உங்கள் தாள் அவர் மேஜை டிராயரில் இருக்கும்.

(நிஜமாகவே எடுத்தவர் யாராவது இதைப் படித்தால், அவருக்குப் பதில் வேறு: முதலில் வக்கீல், அப்புறம்தான் வாய்.)

சரி, நாளைக்கு என்ன பேசுவது? பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்கு 'தெரியாது'. 'அந்தப் பையனா இருக்குமோ' என்று யார் தலையிலும் போடாதீர்கள். நீங்களும் கேள்வி கேட்கலாம். குத்துவிளக்கு என்பது அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று மரை கழற்றி வைக்கும் பொருள். தண்டு பரணிலும் தட்டு ஷோகேஸிலும் கிடந்தால் எப்படி எண்ணினார்கள்? எடை போட்டு விற்றதை ஸ்டாக் நோட்டில் உருப்படிக் கணக்காக ஏற்றினார்களா? கொள்முதல் பில், விற்பனை பில், நோட்டு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். இது எதிர்த்துப் பேசுவதாகாது.

கூட வேலை பார்க்கும் ஒருவர் உடனிருக்கட்டும். அறையில் அடைத்து வெளியே விடாமல் வைப்பது குற்றம்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸ் தராமல் அனுப்ப வேண்டுமானால், முறையாக விசாரணை நடத்திக் குற்றத்துக்குச் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். மீறினால் மேல்முறையீடு உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். சட்ட உதவி எண் 15100.

இன்று ராத்திரியே தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், நான் எடுக்கவில்லை, கணக்கைக் காட்டுங்கள். நாளைக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.