ஆகாயத்தாமரை உப்பைத் தின்னாது

கேள்வி: சென்னைப் புறநகரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். போன மாதம் பூச்சியுண்ணும் செடிகளான இரண்டு வீனஸ் ஃப்ளைட்ராப்பும் ஒரு நெப்பந்தஸ் குடுவைச் செடியும் வாங்கினேன். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எங்கள் போர் தண்ணீர் 780 (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டுகிறது. செடி விற்றவரிடம் சொன்னேன். ஒரு டப்பில் ஆகாயத்தாமரையும் அசோலா என்ற சிறு மிதவைச் செடியும் மிதக்கவிட்டால் பத்து நாளில் தண்ணீர் சுத்தமாகிவிடும், அதையே ஊற்றலாம் என்கிறார். டப்போடு ஒரு செட் 650 ரூபாய். வாங்கலாமா? ஒரு ஃப்ளைட்ராப்பின் இலை ஏற்கெனவே ஓரம் கருகுகிறது.

பதில்: வாங்காதீர்கள். கருகுகிற செடியை என்ன செய்வது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். தொட்டியை ட்ரேயிலிருந்து எடுத்து, மழைநீரோ நல்ல ஆர்ஓ தண்ணீரோ மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு ஊற்றி, கீழே வடிவதைக் கொட்டிவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது அந்த 650 ரூபாய்க்கு வருவோம். கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மண் அடியில் தங்கும், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். ஆனால் உவர்க்கிணற்றுத் தண்ணீரில் அதை உரசினால் கிடைப்பது தெளிந்த உவர்நீர். கடல்நீரும் ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். உங்கள் வியாபாரி காட்டுவது தெளிவு. உங்கள் செடி கேட்பது உப்பில்லாத தண்ணீர்.

மிதக்கும் செடிகள் தண்ணீரிலிருந்து எடுப்பது தங்கள் சாப்பாட்டை: நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட், கொஞ்சம் பொட்டாசியம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இவற்றைப் புகழ்வதில் தப்பே இல்லை, மீனின் கழிவு இவைதானே. போர் தண்ணீரில் 780 காட்ட வைப்பது பெரும்பாலும் சோடியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட். இவற்றில் பெரும்பகுதியை ஆகாயத்தாமரை தொடுவதே இல்லை. ஒரு கிலோ பச்சைச் செடியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். மீதியிலும் பெரும்பங்கு காற்றிலிருந்து எடுத்த கரியைக் கொண்டு கட்டியது. உப்பு போய் உட்கார அதில் இடம் எங்கே?

டப் தண்ணீர் போகப்போக மோசமாகும் என்பதை யாரும் சொல்வதில்லை. 50 லிட்டரில் இப்போது 39 கிராம் உப்பு இருக்கிறது. மே மாத வெயிலில் பாதித் தண்ணீர் ஆவியாகட்டும். செடியும் தன் இலை வழியாகத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். உப்பு ஆவியாகாது. மிச்சமுள்ள 25 லிட்டரில் மீட்டரை விட்டால் கிட்டத்தட்ட 1,500 காட்டும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீர் ஊற்றுவீர்கள், கணக்கு இன்னும் ஏறும். ஒரு காலத்தில் நானும் இதைச் செய்து பார்த்தவன்தான். மூன்று வாரம் கழித்து டப்பில் இருந்தது அழகான பச்சைக் கம்பளமும் ஏறிய மீட்டரும்.

உங்கள் பூச்சியுண்ணும் செடிகளுக்கு மீட்டர் 50க்குக் கீழே இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் கவலைப்படுங்கள். ஏன் இவ்வளவு நாசூக்கு? ஃப்ளைட்ராப்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் ஈரநிலம். மண்ணில் சத்தே இல்லாததால்தான் பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டது. பூச்சி பிடிக்கும் நம்மூர் அழுகண்ணியும் அப்படி வறிய ஈரமண்ணில் முளைப்பதுதான். இவற்றின் வேருக்கு உப்பு பழக்கமில்லை. மூன்று தொட்டிக்கும் சேர்த்துத் தினம் அரை லிட்டர் போர் தண்ணீர் என்றால் மூன்று மாதத்தில் 35 கிராம் உப்பு உள்ளே போகிறது, ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். உங்கள் இலையின் ஓரத்தைக் கருக்குவது பெரும்பாலும் அதுதான்.

அசோலா இன்னொரு வேடிக்கை. அதன் இலைக்குள் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அதனால்தான் விவசாயிகள் நெல் வயலுக்கு அதை உரமாகப் போடுகிறார்கள். உரம் வேண்டாம் என்று ஓடுகிற செடிக்கு உரம் செய்கிற செடியை வைத்துத் தண்ணீர் சுத்தம் செய்கிறார்களாம்!

கொசுவையும் விடக்கூடாது. வட்ட ரோஜாப்பூ மாதிரி மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் மான்சோனியா என்ற கொசுவின் புழு ஒட்டிக்கொண்டு, வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சு விடும். மேலே வராது, அதனால் கப்பி மீன் விட்டாலும் முழுதாகச் சிக்காது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் அந்த நோயை ஒழிக்க இந்தச் செடியைத்தான் குளங்களிலிருந்து அள்ளினார்கள். ஒரு பக்கம் டெண்டர் விட்டுக் கால்வாயிலிருந்து மிதவைச் செடிகளை லாரி லாரியாக அகற்றுகிறார்கள். இன்னொரு பக்கம் அதே செடி ‘வாட்டர் பியூரிஃபயர் பிளான்ட்’ என்ற பெயரில் கூரியரில் வருகிறது. யார் கேட்பது?

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரிகள் இதைக் காட்டித்தான் மடக்குவார்கள். பூச்சியுண்ணும் செடிகளிலேயே தண்ணீருக்குள் வாழ்பவை சில. நம் குளங்களில் மஞ்சள் பூவோடு மிதக்கும் யூட்ரிகுலேரியா ஒன்று, ஃப்ளைட்ராப்பின் நீர்வாழ் உறவான ஆல்ட்ரோவாண்டா இன்னொன்று. இவற்றை வளர்ப்பவர்களுக்கு முதல் எதிரி நூல்பாசி. தண்ணீரில் சத்து கொஞ்சம் கூடினாலும் பாசி நூல் நூலாகச் சுற்றி அமுக்கிவிடும். அங்கே மிதவைச் செடிகள் நிஜமாகவே உதவுகின்றன, பாசிக்குப் போகிற சாப்பாட்டைத் தாங்கள் சாப்பிட்டு, நிழலும் தருவதால். ஆனால் அந்தத் தொட்டியில் ஊற்றியது முதலிலேயே மழைநீர் என்பதைக் கவனியுங்கள். மிதவை பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாரம் ஒருமுறை கைநிறைய அள்ளி வெளியே போட வேண்டும். உள்ளேயே அழுகவிட்டால் எடுத்த சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். அங்கேயும் அசோலா வேண்டாம். இந்தத் தொட்டியை வீடியோவில் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் ட்ரேயில் வைக்கும் ஃப்ளைட்ராப்புக்கும் பொருத்தியிருப்பார், கதை பரவியிருக்கும்.

அப்படியானால் தண்ணீருக்கு எங்கே போவது? மழை. நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, மூடியுள்ள டிரம்மில் வெயில் படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்தால் உங்கள் மூன்று தொட்டிக்குக் கோடையைத் தாண்டலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று மண் மூடிய ஒரு குழிக்குள் போய் முடிகிறது. பிளான் அனுமதிக்கு ஒரு படம் தேவைப்பட்டது, வரைந்தார்கள், அவ்வளவுதான்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லதே, சர்வீஸ் செய்த வாரத்தில் மட்டும் பிடிக்காதீர்கள். வீட்டு ஆர்ஓ என்றால் மீட்டரை விட்டுப் பாருங்கள். ‘டேஸ்ட்டுக்கு’ என்று சர்வீஸ் ஆள் ஒரு திருகைத் திருப்பி டிடிஎஸ்ஸை ஏற்றிவிட்டுப் போயிருப்பார், மினரல் கார்ட்ரிட்ஜும் அதே வேலைதான். கேன் தண்ணீரையும் அளக்காமல் ஊற்றாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் 500 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. மனிதனுக்கு உகந்தது என்ற முத்திரை உங்கள் செடிக்கு ஒன்றும் சொல்லாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் சரிதான். பக்கத்திலேயே அதே மாதிரி கேனில் ஆசிட் வைத்திருப்பார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். கொதிக்கவைத்து ஆறவைப்பது மட்டும் வேண்டாம், தண்ணீர் வற்றும், சோடியமும் குளோரைடும் அப்படியே இருக்கும்.

ஃப்ளைட்ராப் ட்ரேயில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் போதும். நெப்பந்தஸை ட்ரேயில் நிற்கவைக்காதீர்கள், மேலே ஊற்றி வடியவிடுங்கள்.

அந்த செட்டை ஒருவேளை இதற்குள் வாங்கிவிட்டிருந்தால், மனசு கேட்காமல் பக்கத்து ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுங்கள். டப்பை மழைக்கு வையுங்கள்.