ஃப்ரீசர் ஐஸில் கத்தி வைக்காதீர்கள்! – ஃப்ரிட்ஜ் கேள்வி-பதில்

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஒரே வாரத்தில் ஃப்ரீசர் முழுக்க ஐஸ் கட்டி, பால் பாக்கெட் ஒட்டிக்கொள்கிறது. கத்தியால் பெயர்த்து எடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

கூடவே கூடாது. உங்கள் ஃப்ரீசரின் அலுமினியச் சுவரிலேயேதான் குளிரூட்டும் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. கத்தி முனை பட்டு ஊசித் துளை விழுந்தாலும் கேஸ் முழுக்க வெளியேறிவிடும். மெல்லிய அலுமினியத்தில் துளையை அடைத்தாலும் நெடுநாள் நிற்பது சிரமம். பெரும்பாலும் ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். இப்போது வரும் பல மாடல்களில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது தீப்பற்றும். ஏற்கெனவே குத்தி 'உஸ்' என்று சத்தம் வந்திருந்தால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

ஐஸ் கால் அங்குலம் (6 மி.மீ.) சேர்ந்ததும், குளிர் திருகியின் நடுவிலுள்ள டீஃப்ராஸ்ட் பட்டனை இரவில் அழுத்திவிட்டுப் படுங்கள். மீன், இறைச்சியை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். கம்ப்ரெஸர் நின்று, ஐஸ் உருகி, தண்ணீர் பின்பக்கத் தட்டுக்குப் போகும். வேலை முடிந்ததும் பட்டன் தானே வெளியே வந்து, கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கும். பாறை மாதிரி இறுகியிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்துவைத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் வையுங்கள். அரை மணியில் பாளம் பாளமாக விடும்.

ஒரே வாரத்தில் இவ்வளவு ஐஸ் கட்டுகிறது என்றால், வெளிக்காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள ஈரம்தான் ஐஸாகிறது. கதவு இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் கதவு ரப்பர் பிடிக்கவில்லை. மாவும் குழம்பும் வழிந்து காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். கோணலாகிவிட்ட ரப்பர், வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றினால் இளகி நிமிரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கடைக்குப் போகும்போது மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ரப்பர் சரியாக இருந்தும் ஐஸ் கட்டினால், ரசத்தையும் குழம்பையும் மூடாமல் வைக்கிறீர்களா என்று பாருங்கள்.

டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்களே, ஏன்?
– வாசகர், மதுரை

கம்ப்ரெஸருக்கு மேலே, உருகிய தண்ணீர் சேரும் தட்டைத்தான் பார்க்கிறார்கள். ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை கட்டாயம் கழுவ வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நார் போட்டு அழுத்தித் தேயுங்கள். கம்ப்ரெஸர் சுடும், ஆகவே பிளக்கைப் பிடுங்கிச் சற்று ஆறவிட்டுக் கை வையுங்கள். தட்டைக் கழற்ற முடியாத மாடலானால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துத் துடைக்கலாம்.

மின்வெட்டு நீண்டால் உள்ளே இருப்பதை என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் சமைத்த சோறு, குழம்பு, மீன், பால் ஆகியவற்றைக் கொட்டிவிடுவதே நல்லது. மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பல, வாடையே இல்லாமல் வளரும். இட்லி மாவு புளிக்குமே தவிர அவ்வளவு சீக்கிரம் கெடாது.

மின்சாரம் வந்ததும் உடனே ஃப்ரிட்ஜைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாகும் முன் கிளம்பப் பார்த்தால் கம்ப்ரெஸர் திணறி, 'டிக்' என்று நின்றுவிடும். வீட்டில் ஆளில்லாத நேரத்துக்கு, தாமதமாக மின்சாரம் விடும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் உதவும்.

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டுச் சுவர் சுடுகிறது. பழுதா?
– வாசகர், வேலூர்

இல்லை. பல மாடல்களில் உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் அந்தத் தகட்டுக்குள்தான் ஓடுகின்றன. சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள். கை வைக்கவே முடியாத அளவுக்குச் சுட்டு, உள்ளே குளிரும் குறைந்திருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.