வெட்டுப்புள்ளியைப் பார்த்து எது கஷ்டமான கம்பஸ் என்று சொல்லலாமா?

கேட்டவர் முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தரத்தில் பயோ (உயிரியல் பிரிவு) செய்த ஒரு தங்கச்சி. பெறுபேறு வந்துவிட்டது. போன வருட வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே போகத் தேவைப்பட்ட ஆகக் குறைந்த புள்ளி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதாம். எது கடினம், எது இலகு, விண்ணப்பத்தில் எதை மேலே போடுவது என்பதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், நான் அடிவாங்கிய இடம் அது. உங்களுக்கு எது உண்மையாகவே வேண்டுமோ அதை மேலே போடுங்கள். வெட்டுப்புள்ளி கூடவா குறைவா என்று பார்த்து ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

நான் விண்ணப்பித்த காலத்தில் ஒன்லைன் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைக் கடையில் வாங்கி, படிவத்தை முதலில் பென்சிலால் நிரப்பிப் பார்த்து, பிறகு பேனையால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் கம்பஸ் போனவர் எவரும் இல்லை. அதனால் ஒரு ரியூசன் சேரிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். எனக்கு பார்மசி படிக்க ஆசை. அவர் முந்தைய வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பார்மசி உமக்கு மட்டுமட்டு. அதை முதலாவதாப் போட்டு அது கிடைக்காட்டி உம்மைக் கடைசியில தள்ளிப்போடுவாங்கள். நிச்சயமாக் கிடைக்கிறதை மேல போடும்" என்றார். போட்டேன். உயிரியல் விஞ்ஞானம் முதலாவது, பார்மசி இரண்டாவது. அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் பார்மசிக்கு வெட்டுப்புள்ளி இறங்கிவிட்டது. என்னுடைய இசட், அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி, அதற்கு மேலே நின்றது. ஆனால் முதலாவதே கிடைத்துவிட்டபடியால் என் இரண்டாவது விருப்பத்தை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் சொன்னார்.

கணக்கு இதுதான். இசட் புள்ளி கூடியவரிலிருந்து கீழே வருவார்கள். ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, அவருக்கு உரிய இடம் எதில் முதலில் இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். நீங்கள் எட்டாவதாகப் போட்ட பாடநெறியை உங்களைவிட இசட் குறைந்த இன்னொரு முல்லைத்தீவுப் பிள்ளை முதலாவதாகப் போட்டிருந்தாலும், அவர் உங்களை முந்த முடியாது. ஆகவே எட்டாத ஒன்றை உச்சியில் போட்டால் நட்டம் ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். போகவே மாட்டேன் என்பதைப் பட்டியலில் போடாமல் இருந்தால் சரி.

இனி எது கடினம், எது இலகு என்ற கேள்வி. வெட்டுப்புள்ளி என்பது அந்தப் பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட். கம்பஸின் தரத்தை அளந்து போட்ட எண் அல்ல. வன்னியில் அது இன்னும் ஆட்டம் காணும். ஏன் என்று சொல்கிறேன்.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 16க்குள் இருக்கின்றன. யாழ்ப்பாணமும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. இப்போது ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களுக்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கை 2 கோடி 3 இலட்சம், முல்லைத்தீவு சுமார் 92 ஆயிரம். அந்தக் கணக்கில் எங்கள் பங்கு இரண்டரை இடம். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் இன்னும் அரை இடம். ஆக மூன்று. அதே கணக்கில் 23 இலட்சம் பேர் உள்ள கம்பஹாவுக்கு 62 இடம் போகும்.

கம்பஹாவில் 62ஆவது பிள்ளையின் இசட் வருடத்துக்கு வருடம் பெரிதாக அசையாது. முல்லைத்தீவில் மூன்றாவது பிள்ளையின் இசட் அப்படியில்லை. ஒரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து நாலு கெட்டிக்காரர் வந்தால் ஏறும், அடுத்த வருடம் அவர்கள் இல்லையென்றால் விழும். போன வருட அட்டவணையில் நீங்கள் பார்ப்பது எங்கேயோ புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து போன ஒரு பிள்ளையின் புள்ளி. அதை வைத்து இந்த வருடத்தை அளக்க முடியாது. மூன்று நாலு வருட அட்டவணைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த அளவுக்குள் ஆடுகிறது என்றாவது தெரியும்.

அட்டவணையில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக என்.கியூ.சி. என்று இருக்கும். "அது எங்கட மாவட்டத்துக்கு இல்லையாம்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி அல்ல. அந்தப் பாடநெறிக்கு அந்த வருடம் அந்த மாவட்டத்திலிருந்து தகுதியான விண்ணப்பதாரர் இல்லை என்பதுதான் அர்த்தம். மாத்தறையில் இருக்கும் ருஹுணுவை எங்கள் பிள்ளைகள் பட்டியலில் போடாமல் விட்டாலே அப்படி வரும். அதைப் பார்த்து ருஹுணு கடினம் என்றும் சொல்ல முடியாது, இலகு என்றும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதிலும் இதே சிக்கல். வீட்டுக்குக் கிட்ட, மொழி தெரிந்த ஊர், தங்க ஒரு மாமி வீடு என்று பார்த்து எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தை மேலே போடுவார்கள். தெற்கில் கொழும்பையும் பேராதனையையும் போடுவார்கள். கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி ஏறும். வவுனியா 2021 ஆகஸ்ட் வரைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். இப்போது தனிப் பல்கலைக்கழகம். பெயர் புதிது என்பதற்காக அதைக் கீழே தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். பம்பைமடுவில் போய் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள் என்பேன். இன்னொரு விசித்திரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். ஏ9இல் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் அந்தப் பீடங்களுக்கும் கிளிநொச்சிப் பிள்ளைக்கு மாவட்டப் பங்கு அதே சின்னப் பங்குதான்.

சில பாடநெறிகளுக்கு இசட் மட்டும் போதாது. கட்டடக்கலை, சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையோ செய்முறையோ உண்டு. அதற்கு விளம்பரம் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் இசட் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

"கோட்டாவில வந்தனீர்" என்று கம்பஸில் எனக்கும் சொன்னார்கள், உங்களுக்கும் சொல்லக்கூடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பியூரெட்டைப் படத்தில்தான் பார்த்தோம். முதலாம் வருடம் ஆய்வுகூடத்தில் கை நடுங்கியது உண்மை. மூன்றாம் வருடத்தில் எனக்குச் சொன்னவரே என்னுடைய கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதினார். அவரோடு இப்போதும் பழக்கம் இருக்கிறது.

இசட் எதற்கும் காணாது என்று நினைத்தால் வவுனியா பூந்தோட்டத்தில் கல்வியியற் கல்லூரியும், அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அவற்றின் தெரிவு முறை வேறு, விளம்பரம் வேறு காலத்தில் வரும்.

இன்றைக்கு இரவு வெட்டுப்புள்ளி அட்டவணையை மூடி வைத்துவிட்டு, ஒரு கொப்பித் தாளில் உங்கள் ஒழுங்கை எழுதுங்கள். பிறகு அதை மாற்றாமல் அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றுங்கள். கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்புவதென்றால் பக்கத்திலேயே நின்று யுனிகோட்டை, அதாவது பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் குறியீட்டை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்று இலக்கம் பாடநெறிக்கு, பின்னால் வரும் ஆங்கில எழுத்து பல்கலைக்கழகத்துக்கு. அந்த ஓர் எழுத்து மாறினால் யாழ்ப்பாணம் போக வேண்டியவர் மாத்தறைக்குப் பெட்டி கட்ட வேண்டி வரும்.