வூஷியில் ஆபிங் வீட்டைப் பார்க்க ஏஜென்ட் தேவையில்லை

கேள்வி: கம்பெனி வேலையாக ஷாங்காய் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வயலின் படிக்கும் என் மகளுக்கு எர்ஹு என்ற இரண்டு தந்திச் சீன வில் வாத்தியம் என்றால் உயிர். வூஷி நகரில் ஆபிங் என்ற பார்வையற்ற கலைஞரின் வீடு சின்ன மியூசியமாக இருக்கிறதாம். தனியாகப் போனால் திண்டாடுவீர்கள், எர்ஹு பட்டறையையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று ஒரு ஏஜென்ட் 14,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? மகளுக்கு அங்கே ஒரு எர்ஹு வாங்கி வரலாமா? - வாசகர், கோவை

பதில்: கொடுக்காதீர்கள். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் வூஷி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சீன ரயில்வேயின் சொந்த ஆப் 12306, ஆங்கிலத்திலும் இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிந்தால் போதும், பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஊருக்குள் இருக்கும் 'வூஷி' நிலையத்துக்கே டிக்கெட் எடுங்கள். 'வூஷி கிழக்கு' என்று ஒன்று உண்டு, அது ஊருக்கு வெகு தொலைவில். வூஷி நிலையத்திலிருந்து மெட்ரோ முதல் வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம் சான்யாங் சதுக்கம். அங்கிருந்து சோங்ஆன் கோயில் பகுதிக்கு நடந்தே போகலாம், வீடு அங்கேதான். கூகுள் மேப்பை அங்கே நம்ப முடியாது, யுபிஐயும் செல்லாது. அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்ற ஆப்பில் உங்கள் விசா அல்லது மாஸ்டர் கார்டை இங்கேயே இணைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் அந்த 14,000 ரூபாய் ரகசியம்.

சின்ன இடம் என்பதால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். ஆபிங்கின் இயற்பெயர் ஹுவா யான்ஜுன், பிறப்பு 1893. அப்பா தாவோ கோயில் பூசாரி. இவரும் அங்கேயே இசை கற்றார். பார்வை போனபின் தெருவில் வாசித்துப் பிழைத்தார். 1950 கோடையில் யாங் யின்லியூ, சாவ் ஆன்ஹே என்ற இரு இசை ஆய்வாளர்கள் கம்பியில் பதியும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். அப்போது அவரிடம் வாசிக்கும் நிலையில் கருவியே இல்லை, இரவல் வாங்கித்தான் வாசித்தார். எர்ஹுவில் மூன்று, பீபா என்ற மீட்டு வாத்தியத்தில் மூன்று, ஆக ஆறே உருப்படிகள் பதிவாயின. அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். அவர் வாசிப்பில் நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஆறு மட்டும்.

'இரண்டாம் ஊற்றில் நிலவு' என்ற உருப்படியின் 1950 பதிவை உங்கள் மகள் இப்போதே பலமுறை கேட்கட்டும். வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதி, தடித்த பட்டுத் தந்தி. எர்ஹுவில் விரல் பலகை கிடையாது. தந்தி அந்தரத்தில் நிற்கும், வில்லின் குதிரை மயிர் இரண்டு தந்திக்கும் நடுவே ஓடும். ஜாரு, அதாவது தந்தியில் விரலை வழுக்கி ஸ்வரம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இடது கை உடனே புரியும். பிற்பகலில் டாக்சி பிடித்து ஷீஹுயி பூங்காவுக்குப் போங்கள். அந்த ஊற்றும் ஆபிங்கின் கல்லறையும் அங்கேதான்.

இனி எர்ஹு வாங்குவது. எனக்கு இதில்தான் கவலை. ஏஜென்ட் 'பட்டறை' என்று கூட்டிப்போவது பெரும்பாலும் கடைதான். அவருடைய கமிஷன் உங்கள் பில்லில் ஏறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எர்ஹுவின் முகத்தில் இழுத்துக் கட்டியிருப்பது மலைப்பாம்புத் தோல். உரிய முத்திரையும் பில்லும் இருந்தால் பயணி கையோடு இரண்டு எர்ஹு வரை கொண்டுபோகச் சீனா விடுகிறது. கடைக்காரர் இதைத்தான் ஓங்கிச் சொல்வார். அந்தச் சலுகை சீன எல்லையோடு முடிந்தது. இந்திய வன உயிரினச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியல் உயிரினங்களுக்கும் தனி அத்தியாயமே வந்துவிட்டது. முறையான அனுமதிக் காகிதம் இல்லாமல் சென்னையில் இறங்கினால் கருவி பறிபோகும், வழக்கும் வரலாம். சட்டம் நியாயமானதுதான். ஆனால் ஒரு கருவி வாங்கும் தகப்பனுக்கு எந்தக் காகிதம், யாரிடம், எத்தனை நாளில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இத்தனை வருஷமாக இந்தத் துறையில் இருந்தும் எனக்கு இதில் ஆற்றாமைதான்.

மரத்திலும் ஒரு வலை உண்டு. 'சின்ன இலை ஜிதான்' என்று பெருமையாக விலை சொல்வார்கள். அது வேறொன்றுமில்லை, நம் சேஷாசலம் மலைக்காட்டுச் செம்மரம். அது முறையாகப் போனதா, கடத்தப்பட்டதா என்பது பில்லில் தெரியாது. தொடவே வேண்டாம்.

ஆகவே எர்ஹு வாங்காதீர்கள் என்பேன். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்குச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். பாம்புத்தோலே இல்லாத எர்ஹு உண்டு. ஹாங்காங் சீன இசைக்குழு தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் படலம் வைத்த கருவிகளை உருவாக்கி மேடையிலேயே வாசிக்கிறது. செயற்கைத் தோல் வைத்த எர்ஹு சீனக் கடைகளிலும் கிடைக்கும். கேட்டால் 'அது மட்டம்' என்று முகம் சுளிப்பார்கள், தோல் எர்ஹுவில் லாபம் அதிகம். அசையாதீர்கள். முகப்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: செதில் செதிலாக, ஒன்றுக்கொன்று அளவு மாறிய கட்டங்கள் தெரிந்தால் தோல். வழவழவென்று ஒரே சீராக இருந்தால் படலம். ஆனால் செதில் அச்சிட்ட செயற்கைத் தோலும் உண்டு, சுங்கத்தில் அதைத் தோல் என்றே நினைப்பார்கள். ஆகவே வழவழப்பானதையே எடுங்கள். என்ன பொருள், என்ன மரம் என்று பில்லில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வில்லும் அதில் தடவும் ரோசினும் ஒரு செட் கூடுதல் தந்தியும் அங்கேயே வாங்கிவிடுங்கள், கோவையில் கிடைக்காது.